பிறந்தநாள் இல்லாத பதினான்கு பிள்ளைகள்

போன கிழமை நீங்கள் எல்லாருமாகச் சேர்ந்து நான் முன்பு வேலை செய்த எங்கள் வானொலி நிலையத்துக்கு என்னைக் கூப்பிட்டுப் பழைய கதை சொல்லச் சொன்னீர்கள். வடையும் பால் விடாத பிளேன்ரீயும் தந்தீர்கள். வடை நன்றாகத்தான் இருந்தது. புறப்படுகிற நேரம் பார்த்து ஒரு தங்கச்சி எழும்பிக் கேட்டாள்: “அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. இப்ப எல்லாரும் போனிலதான் பாட்டுக் கேக்கினம். எங்கட காலமை நிகழ்ச்சியை இன்னும் ஆரும் கேக்கினமோ?” நான் ஏதோ பகிடி விட்டுச் சமாளித்து இறங்கிவிட்டேன். வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சேரும்வரை எனக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் விடிய நாலு மணிக்கு எழும்பி ஒலிவாங்கிக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள் இந்தக் கேள்விக்குப் பகிடி விட்டால் அது என்ன பிழைப்பு? அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் சந்தேகம் எனக்கும் இருந்தது. யுத்தத்தின் கடைசிக் காலம் அது. நான் வேலைக்குச் சேர்ந்து நாலாம் வருடம். காலை ஆறு முதல் பத்து வரை என்னுடைய நேரம். அதே நாலு பேர் எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார்கள், அதே நாலு பாட்டைக் கேட்பார்கள். மற்றவர்களெல்லாம் எங்கே? சுவரோடு கதைக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கனடாவில் இருக்கிற அக்காவிடம் போய்விடலாமா என்றும் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடிக்காதது பிறந்தநாள் வாழ்த்து. அதை இப்போதும் நீங்கள் வாசிக்கிறீர்கள், தெரியும். “முதலாவது பிறந்தநாளைக் கொண்டாடும் செல்லக்குட்டியை அப்பா, அம்மா, அப்பப்பா, அப்பம்மா, லண்டன் பெரியப்பா, சுவிஸ் சித்தி, கொட்டாஞ்சேனை மாமி ஆகியோர்...” அந்தக் குழந்தைக்கு ரேடியோ என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு மாமியை விட்டுவிட்டால் போதும், பத்து மணிக்குள் மாமியே போன் எடுத்து ஏசுவா. நான் அந்தப் பட்டியலை ரயில் பிடிக்கிறவள் போல ஓட்டமாக வாசித்து முடித்துவிடுவேன்.

ஒரு முறை நேரத்தை மாறிச் சொன்னேன். ஆறு நாற்பது என்பதற்குப் பதிலாக ஆறு ஐம்பது. தூக்கக் கலக்கம்தான், வேறொன்றுமில்லை. அன்று மத்தியானம் மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு மனிசி என்னுடைய குரலை அடையாளம் கண்டுபிடித்துவிட்டா. “நீங்கள்தானே? உங்களால என்ட பெடியன் இண்டைக்குப் பல்லும் விளக்காமல் ஓடினவன்!” என்று பத்துப் பேர் பார்க்கக் கிழித்தா. நான் சிரித்துவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் ஒரு பையன் பல் விளக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். என்னுடைய மண்டைக்குள் அதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை.

இனி அந்தக் காலையைச் சொல்கிறேன்.

ஏழு மணி கழிந்து சில நிமிடம். பிறந்தநாள் பட்டியலின் நடுவில் இருந்தேன். ஒலிபரப்புக் கலையகத்துக்கு வெளியிலிருந்து சத்தம் வராது, உங்களுக்கே தெரியும். அன்று சத்தம் வரவில்லை, நிலம்தான் ஒரு தரம் அதிர்ந்தது. மேசையில் இருந்த தண்ணீர் கிளாஸ் நடுங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிமல் இருந்தார். எங்கள் ஒலிக் கட்டுப்பாட்டாளர், சிங்களவர், என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்தவர், அரைகுறைத் தமிழை வெட்கமில்லாமல் பேசுகிறவர். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. கொழும்பில் அந்த நாளில் அந்த அதிர்வை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பாட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். செய்திப் பிரிவின் பொறுப்பாளர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே கையைக் காட்டி நிறுத்தினார். “கோட்டைக்குப் போற ரோட்டில. பஸ் போற நேரம் பாத்து வெடிச்சிருக்கு. உத்தியோகபூர்வமா அறிவிக்கும் வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. குண்டு எண்ட சொல்லே வரக் கூடாது, விளங்குதோ? பாட்டைப் போடு.” அவர் பயந்தவர் அல்ல. வாயைத் திறந்த நிலையங்களுக்கு என்ன நடந்தது என்று கண்டவர்.

எந்தப் பாட்டைப் போடுவது? இந்த நிலைமை உங்களுக்கு ஒருநாளும் வரக் கூடாது. சோகமான பாட்டைப் போட்டால் நாங்களே செத்த வீடு அறிவித்தது போலாகிவிடும். துள்ளல் பாட்டென்றால் நாங்கள் மனிசரே இல்லை. வெறும் நாதஸ்வரம் ஒன்றைப் போட்டுவிட்டு இருந்தேன். அதற்குள் கைத்தொலைபேசிகள் எல்லாம் செத்துவிட்டன. குண்டு வெடித்தால் அந்த வலையமைப்புகள் படுத்துவிடும், அது வழக்கம். எங்களிடம் இருந்தவை இரண்டே இரண்டு தரைவழி இணைப்புகள். இரண்டும் ஓயாமல் அடித்தன.

எல்லாம் தாய்மார். அது பள்ளிக்கூட வான்கள் ஓடுகிற நேரம். கொட்டாஞ்சேனையில் இருந்தும் சுற்றுவட்டாரத்தில் இருந்தும் பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையால்தான் வான்கள் வரும். “தங்கச்சி, ஏதோ சத்தம் கேட்டதாம், மெய்யோ?” “பிள்ளை வானில போயிட்டாள், உங்களுக்கு ஏதும் தெரியுமோ?” எனக்கு என்ன தெரியும்? தெரிந்ததையும் சொல்லக் கூடாது. “கொஞ்சம் பொறுங்கோ அம்மா” என்பதையே கிளிப்பிள்ளை போலச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு ஆண் குரல் வந்தது. கொட்டாஞ்சேனை செபஸ்தி அண்ணன், வான் ஓட்டுகிறவர். பம்பலப்பிட்டியில் தரைவழித் தொலைபேசி வைத்திருக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடையில் இருந்து எடுத்தார். “தங்கச்சி, நான் வெடிக்க முன்னமே தாண்டி வந்திட்டன். பிள்ளையள் எல்லாம் ஸ்கூல் வாசலில சேஃபா நிக்குதுகள். வீடுகளில இருக்கிறது கைபோன்தான், அடிச்சா லைன் போகுதில்லை. எல்லா வீட்டிலயும் உங்கட ரேடியோதானே போகுது. ஒருக்கா பேரைச் சொல்லிவிடுங்களன்.”

எல்லா வீட்டிலயும் உங்கட ரேடியோதானே. அவர் அதை மழை பெய்கிறது என்பது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். நான் பதினான்கு பெயர்களை எழுதிக்கொண்டேன். செய்தி சொல்லத்தான் தடை. பிறந்தநாள் வாழ்த்துக்கு யாரும் தடை போடவில்லையே! நாதஸ்வரத்தை இறக்கிவிட்டு ஒலிவாங்கியைத் திறந்தேன். “இன்றைய பிறந்தநாள் வாழ்த்துகள் தொடர்கின்றன. செபஸ்தி அண்ணனின் வானில் பயணம் செய்து, சற்று முன்னர் பாடசாலை வாசலை நலமாக வந்தடைந்த செல்வங்களை வாழ்த்துகிறோம்...” பதினான்கு பெயர். அன்றைக்கு நான் ஓடவில்லை. ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

அடுத்ததாக, யோசிக்காமல் ஒரு வசனம் சேர்த்தேன். “எங்களிடம் இரண்டு இணைப்புகள்தான் உள்ளன. தயவுசெய்து வான் சாரதிகள் மட்டும் எங்களுக்கு அழைப்பு எடுங்கள். மற்றவர்கள் காத்திருங்கள்.”

பிள்ளைகளே, அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்? இரண்டு தொலைபேசிகளும் நின்றன. அடித்துக்கொண்டிருந்தவை அப்படியே நின்றன. நிமல் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். “அக்கா, லைன் இருக்கு. ஆள்தான் இல்ல” என்றார். கொழும்பு முழுக்கத் தாய்மார் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் சொன்னேன் என்பதற்காக எடுக்காமல் இருந்தார்கள். நாலு வருடமாகச் சுவர் என்று நினைத்த இடத்தில் ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

ஒரு நிமிடம்கூடக் கழியவில்லை, மணி அடித்தது. இன்னொரு வான். அதன் பிறகு இன்னொன்று. பாதை மூடியதால் பாதியில் நின்ற வான், கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்ட வான். நான் எழுதினேன், வாசித்தேன், எழுதினேன், வாசித்தேன். செய்திப் பொறுப்பாளர் கதவடியில் வந்து நின்று கேட்டார். தன்னுடைய பேனையை எனக்குத் தந்துவிட்டுப் போனார்.

முக்கால் மணிக்கு மேல் போயிருக்கும். செபஸ்தி அண்ணன் திரும்பவும் எடுத்தார். குரல் உடைந்திருந்தது. “தங்கச்சி, பெரிய பிழை ஒண்டு விட்டிட்டன். தர்ஷினியின்ட பேரையும் சொல்லிப்போட்டன். அவள் இண்டைக்கு வானுக்கு வரேல்லை. நான் தினமும் கூப்பிடுற வரிசையில அப்பிடியே பாடமாச் சொல்லிட்டன். இப்ப திரும்பி எண்ணிப் பாக்கேக்கதான்...”

நீங்கள் வான்காரரைக் குறை சொல்ல வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் ஏற்றி ஒரே வரிசையில் இறக்குகிறவருக்கு அந்தப் பெயர்கள் செபம் போல வாயில் ஓடும். ஒரு பெயரை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல வராது. குற்றம் என்னுடையது. பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது, ஒவ்வொரு பிள்ளையும் தன் வாயால் பெயரைச் சொல்லட்டும் என்று கேட்காமல் எழுதினேனே. “அண்ணை, அவள் வீட்டிலதான் நிக்கிறாளோ?” என்று கேட்டேன். “இல்லையாம். இன்னொரு பிள்ளை சொல்லுது, வான் வெளிக்கிட்டாப் பிறகு தாய் அவளை பஸ்ஸில ஏத்திவிட்டதை வானின்ட பின் கண்ணாடியால கண்டதாம்.”

பஸ். அதே பாதை. பதினொரு வயதுப் பிள்ளை.

நான் செய்திப் பொறுப்பாளரிடம் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: “சொல்லாத. அந்தத் தாய் இப்ப நிம்மதியா இருக்கிறா. பிள்ளையும் எங்கயாவது பத்திரமா நிக்கும். நீ ஒரு பேர் பிழை எண்டு சொன்னியோ, மற்ற எல்லாப் பேரும் பிழையாப் போயிடும். அவ்வளவு தாய்மாரும் ரோட்டுக்கு இறங்கிக் குண்டு வெடிச்ச இடத்துக்கு ஓடுவினம். அங்க இரண்டாவது ஒண்டு வெடிச்சா ஆர் பொறுப்பு?”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் நின்றது. அந்தப் பிள்ளை எங்காவது அடிபட்டுக் கிடந்தால் அவளைத் தேடுவதற்கு இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. தேட வேண்டிய ஒரே ஆள், என்னுடைய வாய்ச்சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டில் இருந்து சோறு காய்ச்சிக்கொண்டிருக்கிறா. “அண்ணை, நான் சொல்லப் போறன்” என்றேன். அவர், “சொல்லு. ஆனா அழாமச் சொல்லு” என்றார்.

ஒலிவாங்கியைத் திறந்தேன். “ஒரு திருத்தம். செபஸ்தி அண்ணனின் வானில் வந்தவர்கள் பதின்மூன்று பேர். தர்ஷினி என்ற பெயரை நான் பிழையாக வாசித்துவிட்டேன். பிழை என்னுடையது. தர்ஷினி இன்று கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் புறப்பட்டவர். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவரைக் காண்பவர் யாராக இருந்தாலும் உடனே எடுங்கள்.” எழுதி வைத்து வாசிக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று அறிவிப்பாளராக நான் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

நிமல் இரண்டு ரிசீவரிலும் கையை வைத்தபடி இருந்தார். நூறு தாய்மார் ஏசப்போகிறார்கள் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் அழைப்பு ஒரு வான் சாரதி. “தங்கச்சி, என்ட பிள்ளையளை வரிசையா நிப்பாட்டி இருக்கிறன். இந்த முறை அதுகளே சொல்லட்டும்.” ஒவ்வொரு பிள்ளையாகப் போனை வாங்கித் தன் பெயரைத் தானே சொன்னது. நாங்கள் ஒருவருக்கும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, தாங்களாகவே விளங்கிக்கொண்டு செய்தார்கள். நிமல் என்னைக் கேட்காமலே அந்தக் குரல்களை நேரே ஒலிபரப்பில் விட்டார். எத்தனை விதமான பிள்ளைக் குரல், அம்மா! கத்துகிறது ஒன்று, வெட்கப்படுகிறது ஒன்று, முதலெழுத்தோடு முழுப் பெயர் சொல்லுகிறது ஒன்று.

மற்ற இணைப்பில் ஒரு முஸ்லிம் பெரியவர்; அவர்களை நாங்கள் ‘நானா’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். பாதை மூடியிருந்த இடத்துக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கமாக ஹோட்டல் நடத்துகிறவர். “மகள், அந்தப் புள்ள என்ட ஹோட்டல்லதான் ஈக்கிது. பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்கிட்டாங்க. புள்ள அழுதுக்கிட்டு நின்டுச்சி, கூட்டிட்டு வந்து ரொட்டி குடுத்து ஒக்கார வெச்சேன். நீங்க பேர வாசிச்ச நேரமே அது சொல்லிச்சி, அங்கிள், எனக்கு இன்னக்கி பர்த்டே இல்லன்னு.”

“ஐயோ நானா, அப்பவே எடுத்திருக்கலாமே!” என்று கத்திவிட்டேன்.

“நீங்கதானே மகள் வேன்காரங்க மட்டும் எடுக்கச் சொன்னீங்க” என்றார் அந்த மனிதர்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரியவரே ஆனாலும் கொடுத்த ஒழுங்கை மதித்து இருந்திருக்கிறார். பிள்ளை முன்னால் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட, பக்கத்தில் ரேடியோவில் நான் அவள் வேறெங்கோ இருக்கிறாள் என்று சொல்ல, அவர் முறைக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் நிமலைப் பார்த்துத் தலையாட்டினேன். பிள்ளையின் குரல் நேரே போனது. “நான் தர்ஷினி. ஆறாம் வகுப்பு. நான் நல்லா இருக்கேன் அம்மா. பள்ளிக்கூடத்துக்குத்தான் லேட்டாயிருச்சி.”

அன்று எல்லாப் பெயரும் இப்படி முடியவில்லை. அந்தப் பாதையில் செத்தவர்கள் இருந்தார்கள். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னர் உத்தியோகபூர்வச் செய்தி வந்தபோது அதை வாசித்ததும் நான்தான். யாருடைய பட்டியலிலும் வராமல் போனவர்களை நினைக்காமல் இந்தக் கதையைச் சந்தோஷமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு நாள் கழித்து மேலிடத்தில் இருந்து ஒருவர் வந்து, ஒரே காலையில் இவ்வளவு பேருக்கு எப்படிப் பிறந்தநாள் வந்தது என்று விளக்கம் கேட்டார். செய்திப் பொறுப்பாளர் முகத்தில் சலனமே இல்லாமல், “எங்கட ஆக்களுக்குப் பிள்ளையள் கூடுதல், சேர்” என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த கிழமை ஒரு பெண், தன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்திருந்தா. தர்ஷினியின் தாய். மலையகத்தில் இருந்து கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவ. கணவர் ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் வேலை. ஏச வந்திருக்கிறா என்று நினைத்து, ஏச்சு வாங்கத் தயாராகத்தான் இறங்கிப் போனேன். திருத்தத்தைக் கேட்டதும் செருப்பும் போடாமல் அந்தப் பாதையை நோக்கி ஓடினாவாம். ஓடுகிற வழியில் ஒரு சலூனுக்குள் இருந்து பிள்ளையின் குரல் கேட்டதாம். நம்பாமல் இன்னும் நாலடி வைக்க அடுத்த கடையில் இருந்தும் அதே குரல், அதற்கப்பால் நின்ற ஆட்டோவில் இருந்தும் அதே குரல். ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டுபோய் ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டாராம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, அன்றையில் இருந்து நெஞ்சைக் குடைந்த ஒன்றையும் கேட்டேன். “அம்மா, நீங்கள்தானே பிள்ளையை பஸ்ஸில ஏத்திவிட்டனீங்கள். நான் வானில வந்தவள் எண்டு சொன்ன உடனேயே அது பிழையெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஏன் எடுக்கேல்லை?”

அவ என்னை ஆச்சரியமாகப் பார்த்தா. கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல.

“பஸ்ல ஏத்திவிட்டத என் ரெண்டு கண்ணால பாத்தேன்க்கா. ஆனா நீங்க வேன்ல வந்துட்டான்னு சொன்னீங்களே. அப்போ நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்னு நெனச்சிக்கிட்டேன்.”